உயிரியலாளருக்குத் துணை நிற்கும் உயிர்த்தகவலியல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். செயலாளரும் அப்படித்தான் கேட்டார். ஆனால் அந்த இரண்டைப் பற்றியும் இங்கே முன்வரிசையில் இருக்கும் எங்கள் டீச்சர்மாருக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆகவே வேறொரு விடயத்தைப் பேச அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் மருத்துவ பீடமொன்றில் ஒட்டுண்ணியியல் கற்பிப்பவள். நோயாளியைப் பார்ப்பதைவிட நோயாளியின் இரத்தத் துளியைப் பார்ப்பதே என் வேலையில் அதிகம். அந்த வேலையில், வெளியே யாரும் அறியாத ஒரு கூட்டத்தாரின் உதவி இல்லாமல் இப்போது ஓர் அடிகூட வைக்க முடியாது. பல்கலைக்கழக ஆய்வு நிலையங்களில் மூன்று நான்கு பேர் கணினிகளோடு ஒரு சிறிய அறையில் இருப்பார்கள். உயிரியல் ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போவார்கள். அவர்கள் செய்யும் வேலைக்கு உயிர்த்தகவலியல் என்று பெயர். பயோஇன்போமற்றிக்ஸ் என்று ஆங்கிலப் பெயராலேயே பலரும் அறிவார்கள். அந்த அறை ஏன் வேண்டும், அங்கே எப்போது போக வேண்டும், எமது பிள்ளைகளுக்கு அங்கே என்ன இடம் இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

நுளம்பிலிருந்து தொடங்குவோம். கற்பிட்டியில் பேசும்போது வேறு எதிலிருந்து தொடங்குவது!

எங்கள் வயதுக்காரருக்கு மலேரியாவை விளக்கத் தேவையில்லை. குளோரோகுயின் வில்லையின் கசப்பை நாக்கு மறந்திருக்காது. 1990 இல் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த தோழிகளுக்கும் அது நன்றாகத் தெரியும். அந்த நோய் இன்று இந்த நாட்டில் இல்லை. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

ஆனால் நோய் போனதே தவிர நுளம்பு போகவில்லை. எமது களப்பு ஓரங்களைப் போன்ற உவர்நீர் இடங்களில் பெருகும் அனோபிலிஸ் நுளம்பொன்றை நீண்டகாலமாக சப்பிக்டஸ் என்ற இனத்தின் ‘பி’ வகை என்று எழுதி வந்தார்கள். முட்டையின் மேலுள்ள நுண்ணிய மடிப்புகளை நுணுக்குக்காட்டியில் எண்ணி அப்படி வகைப்படுத்துவார்கள். 2010 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் அறிஞர் சின்னத்தம்பி நோபிள் சுரேந்திரனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் அந்த நுளம்புகளின் டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட பகுதிகளை வாசித்து, உலகத் தரவுத்தளங்களில் இருந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். ‘பி’ வகை என்று கருதப்பட்டவற்றில் பல, சண்டைக்கஸ் என்ற வேறோர் இனத்தைச் சேர்ந்தவை என்று தெரிய வந்தது. தென்கிழக்காசியக் கரையோரங்களில் மலேரியாவைப் பரப்புவதில் பெயர்போன இனம் அது. நுளம்பு புதிதாக வரவில்லை. அதன் பெயர்தான் அப்போது சரியாகத் தெரிந்தது.

இன்னொன்றையும் கேளுங்கள். மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்த அதே 2016 ஆம் ஆண்டின் கடைசியில், எமக்கு வடக்கே மன்னாரில், ஸ்டீபன்சி என்ற இந்திய நகரத்து நுளம்பு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும் நுளம்பு. ஆபிரிக்காவில் ஜிபூட்டி என்ற சிறிய நாட்டில் இதே நுளம்பு 2012 இல் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டு அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020 இல் 73,000 பேருக்கும் மேல். எமது நாட்டுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே மலேரியா இருந்தது. ஒழிந்துவிட்டது என்று கவனத்தைத் தளர்த்தினோம். 1969 இல் நோயாளிகளின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. ஆகவே பிடிபட்ட நுளம்பு எது என்பதை ஐயமில்லாமல் சொல்வது ஏட்டுப் படிப்புக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல. எந்தக் கிணற்றை மூட வேண்டும், எந்த ஊரில் இரத்தப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது அந்தப் பெயரில்தான் தங்கியிருக்கிறது.

அந்தப் பெயரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நீண்ட வாசகம் என்று உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்குத் தெரியும். விலங்கினங்களை அடையாளம் காண அந்த வாசகத்தில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டை வாசித்தால் பெரும்பாலும் போதும். கடையில் பொருளின் மீதுள்ள கோட்டுக் குறியீட்டைப் போன்றது அது. அந்த 650 எழுத்துகளை உலகெங்கும் சேகரித்து வைத்திருக்கும் கோடிக்கணக்கான வாசகங்களோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியது எது என்று கணினி சொல்லும்.

இப்படிச் சேகரிக்கும் வேலைக்கு வழிகாட்டியவர்களுள் ஒரு பெண்ணும் இருந்தார் என்பதை இந்த மண்டபத்தில் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் மார்கரட் டேஹொஃப், அதுவரை அறியப்பட்ட புரதங்களின் எழுத்து வரிசைகளையெல்லாம் திரட்டி 1965 இல் நூலாக வெளியிட்டார். அதில் இருந்தவை 65 வரிசைகள் மட்டுமே. 1982 இல் ஜென்பாங்க் என்ற பொதுத் தரவுத்தளம் தொடங்கியது. 1990 இல் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு மென்பொருள் வந்தது. இவை இரண்டும் இன்றும் இலவசம். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் திறக்கும் அதே பக்கத்தைக் கற்பிட்டியில் இருக்கும் ஒரு பிள்ளை தன் கைத்தொலைபேசியில் திறக்கலாம்.

அப்படியானால் உதவிப் பிரிவு எதற்கு என்று கேட்பீர்கள். 650 எழுத்துகளுக்குத் தேவையில்லைதான். ஆனால் கொவிட் வைரஸின் வாசகம் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்டது. மலேரியாக் கிருமியுடையது 2 கோடி 30 இலட்சம். மனிதனுடையது 300 கோடி. முதல் மனித வாசகத்தைப் படித்து முடிக்க 1990 முதல் 2003 வரை 13 ஆண்டுகள் சென்றன. இன்றைய இயந்திரம் ஓரிரு நாட்களில் வாசித்துவிடும். ஆனால் அது முழுப் புத்தகமாகத் தருவதில்லை. கிழித்துக் கலந்த கோடிக்கணக்கான கடதாசித் துண்டுகளாகவே தருகிறது. அவற்றுள் பிழையாக வாசித்தவையும் இருக்கும். பிழைகளைக் களைந்து, துண்டுகளை உரிய இடத்தில் பொருத்தி, அதிலிருந்து ஒரு முடிவுக்கு வர, உயிரியலும் கணினியும் புள்ளிவிவரவியலும் சேர்ந்த ஓர் அறிவு வேண்டும். ஆய்வாளர் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கற்றுத் தேற முடியாது.

இதை இந்தியா முன்கூட்டியே உணர்ந்தது. இணையம் மக்கள் கைக்கு வராத 1986-87 இலேயே அந்நாட்டு உயிரித்தொழில்நுட்பத் துறை, பல்கலைக்கழகங்களில் உயிர்த்தகவல் மையங்களை அமைத்து அவற்றை ஒரு வலைப்பின்னலாக இணைக்கத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு மையம் வந்தது. அந்தப் பகுதியின் உயிரியல் ஆய்வாளர்களுக்குத் தரவு தேடித் தருவதும், கணினி வசதி கொடுப்பதும், பயிற்சி நடத்துவதும் அதன் வேலைகள். கடலுக்கு அப்பால், நமக்குப் பக்கத்திலேயே நடந்த காரியம் இது.

இத்தகைய பிரிவு செய்யும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தரவைப் பத்திரமாகச் சேமித்து, ஒரு பிரதியை வேறிடத்திலும் வைக்கும். தரம் பார்த்துப் பழுதானதை நீக்கும். பகுப்பாய்வு செய்யும்; எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்தப் படியில் என்ன செய்தது என்பதையெல்லாம் எழுதி வைக்கும். அப்படி எழுதி வைத்தால்தான் இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியும். முடிந்த தரவைப் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்க உதவும். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. ஆய்வு தொடங்குவதற்கு முன்பே ஆய்வாளரோடு உட்கார்ந்து, “நீங்கள் அறிய விரும்புவது என்ன?” என்று கேட்பது.

இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, ஹார்ட் டிஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டு, “இதில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்” என்று வருவார்கள். 1938 இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் ரொனால்ட் ஃபிஷர் என்ற பெரிய புள்ளியியலாளர் இதைப் பற்றிப் பேசினார். பரிசோதனை முடிந்த பின் புள்ளியியலாளரை அழைப்பது பிரேத பரிசோதனைக்கு அழைப்பதைப் போன்றது, பரிசோதனை எதனால் செத்தது என்று மட்டுமே அவரால் சொல்ல முடியும் என்பது அவர் சொன்னதன் சாரம். வைத்தியரான எனக்கு இதைவிடத் தெளிவான உவமை வேண்டாம்.

எமது மாவட்டத்து உதாரணம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 1990களில் வெள்ளைப் புள்ளி வைரஸ் வந்து புத்தளம், சிலாபம் பக்கத்து இறால் பண்ணைகள் எத்தனை அழிந்தன என்பது இங்கே பலருக்கு நினைவிருக்கும். நோய்ப்பட்ட இறாலுக்கும் நல்ல இறாலுக்கும் மரபணுச் செயற்பாட்டில் என்ன வேறுபாடு என்று அறிய ஒரு மாணவி புறப்படுகிறாள். நோய்ப்பட்டவற்றை ஒரு பண்ணையிலிருந்து திங்கட்கிழமை காலையில் எடுக்கிறாள். நல்லவற்றை இன்னொரு பண்ணையிலிருந்து புதன்கிழமை பின்னேரம் அவளுடைய தோழி எடுக்கிறாள். பெருந்தொகைப் பணம் செலவாகி முடிவு வருகிறது. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் தெரிகின்றன. அவை நோயால் வந்தவையா, தண்ணீரின் உப்பால் வந்தவையா, வெயிலால் வந்தவையா, எடுத்த கையால் வந்தவையா? உலகத்திலுள்ள எந்தக் கணினியாலும் இனி அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு பண்ணையிலும் இரண்டு வகையையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி எடு என்று முதலிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் அந்தப் பிள்ளையின் ஓராண்டு உழைப்பும் தப்பியிருக்கும். அரைமணி நேரப் பேச்சு போதும்.

இப்போது எல்லாவற்றுக்கும் இலவச மென்பொருள் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. மென்பொருளிடம் எதைக் கொடுத்தாலும் அது ஒரு விடை தரும். கேள்வி சரியா என்று அது கவலைப்படாது. நாம் தினமும் பாவிக்கும் எக்செல்லையே பாருங்கள். மனித மரபணுக்களில் செப்ட்-2, மார்ச்-1 என்ற குறுக்கப் பெயர்களை உடையவை இருந்தன. எக்செல் அவற்றைச் செப்டெம்பர் 2 என்றும் மார்ச் 1 என்றும் திகதியாக மாற்றிவிடும். 2016 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்புகளாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்தது. கடைசியில் 2020 இல், மென்பொருளுக்குப் பயந்து மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள்! இப்படியான பிழைகளைக் கண்ட கண்ணோடு பார்க்க அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

இந்த அறிவு நாட்டுக்கு என்ன தந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். முதலாவது லீஷ்மானியாசிஸ். மணல் ஈ கடிப்பதால் வரும் இந்நோய் உள்ளூரிலேயே தொற்றியதாக 1992 இல் இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது. இங்கே அது பெரும்பாலும் ஆறாத தோல் புண்ணாக வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் நதீரா கருணாவீரவும் குழுவினரும் 2003 இல் இதற்குக் காரணமான கிருமி லீஷ்மானியா டொனோவானி என்று காட்டினார்கள். இந்தியாவில் காலா அசார் என்ற பெயரில் ஈரலையும் மண்ணீரலையும் தாக்கி, சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுக்கும் அதே கிருமி! ஒரே இனம் அங்கே கொல்கிறது, இங்கே தோலோடு நிற்கிறது. 2014 இல் இலங்கை ஆய்வாளர்களும் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து, இலங்கையில் தோல் நோயாளி ஒருவரிடமிருந்தும் உள்ளுறுப்பு நோயாளி ஒருவரிடமிருந்தும் எடுத்த கிருமிகளின் முழு வாசகங்களை ஒப்பிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை இனங்கண்டு வெளியிட்டார்கள். கோடிக்கணக்கான எழுத்துகளுக்குள் அந்தச் சிலவற்றைத் தேடுவது கணினி அறிந்தவர் இல்லாமல் நடக்காத காரியம்.

இரண்டாவது கொவிட். ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நீலிகா மளவிகே, சந்திம ஜீவந்தர ஆகியோரின் குழுவினர் வைரஸின் வாசகங்களை நாட்டிலேயே வாசித்தார்கள். 2021 ஜூனில் தெமட்டகொடையில் டெல்டா திரிபு சமூகத்துக்குள் வந்துவிட்டதை அவர்கள்தான் அறிவித்தார்கள். மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், விடை வரும்போது நோய் எத்தனை வீடுகளைத் தாண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி மனத்தில் உள்ள ஒரு குறையைச் சொல்ல வேண்டும். இந்த உதவி வேலை செய்பவர்களை நாம் சரியாக நடத்துவதில்லை. நான் அறிந்த ஓர் ஆய்வில் மாதக்கணக்காகப் பகுப்பாய்வு செய்த இளம் பெண்ணின் பெயர் கட்டுரையாளர் பட்டியலில் வரவில்லை. கடைசிப் பக்க நன்றியுரையில் ஒரு வரி மட்டும் கிடைத்தது. ‘அவர் கொம்பியூட்டர் வேலைதானே செய்தார்’ என்பது சொல்லப்பட்ட காரணம். ஆய்வுத் திட்டம் இருக்கும்வரை சம்பளம், முடிந்தால் வீட்டுக்கு என்ற நிலையில் இருப்பவர்களும் பலர். இயந்திரம் வாங்கக் கிடைக்கும் பணம் ஆளை வைத்திருக்கக் கிடைப்பதில்லை. நல்லவர்கள் வெளிநாடு போகிறார்கள், அவர்களோடு அந்த அறையின் ஞாபகமும் போய்விடுகிறது. இங்கே ஆய்வாளர்களாகவும் நிருவாகிகளாகவும் இருக்கும் சகோதரிகளிடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். ஆய்வுக்கான நிதி கேட்டு எழுதும்போதே பகுப்பாய்வுக்கும் ஆளுக்கும் பணம் ஒதுக்குங்கள். அறிவால் பங்களித்தவரின் பெயரைக் கட்டுரையில் போடுங்கள்.

அன்பான பிள்ளைகளே, இப்போது உங்களுக்கு. ஒவ்வொரு வருடமும் உயர்தரப் பெறுபேறு வரும்போது, இசட் புள்ளியில் சிறு தசமத்தால் மருத்துவ பீடத்தைத் தவறவிட்ட பிள்ளைகளின் தாய்மார் எனக்கு அழைப்பு எடுப்பார்கள். “டொக்டர், பிள்ளை சாப்பிடுகிறாள் இல்லை” என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஆறுதல் வார்த்தை அல்ல, தகவல். நோயை எதிர்த்து நிற்கும் வேலை வெள்ளைக் கோட்டோடு முடிவதில்லை. விஞ்ஞான பீடத்துக்குப் போங்கள், விலங்கியலோ தாவரவியலோ புள்ளிவிவரவியலோ கணினியோ படியுங்கள், ஆனால் உயிரியலையும் கணிதத்தையும் ஒன்றுக்கொன்று பகையாக்காதீர்கள். உயிரியல் படித்தால் கணிதத்தை விட்டுவிடலாம் என்று எங்கள் காலத்தில் சொன்னார்கள். அது இனிச் செல்லாது. இரண்டையும் அறிந்தவருக்கு இருக்கும் இடங்கள் அதிகம், ஆட்கள் குறைவு. வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய பகுதிகளும் இந்த வேலையில் நிறைய உண்டு. பெண்பிள்ளையைத் தூர அனுப்பத் தயங்கும் பெற்றோர் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடம் எழுப்புவது நல்லது. அதோடு, செங்கல் தேவைப்படாத இன்னொன்றையும் செய்யலாம். எமது பழைய மாணவியரில் கணினித் துறையில் இருப்போர் உண்டு, புள்ளிவிவரவியல் கற்பிப்போர் உண்டு, வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் வேலை செய்வோர் உண்டு. வாரத்தில் ஒரு மணி நேரம் தர முடிந்தவர்களின் பெயர்களைச் சங்கம் ஒரு பட்டியலில் எடுக்கட்டும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு தொடங்கப் போகும் எமது பிள்ளை ஒருத்தி, மாதிரி எடுக்கப் போவதற்கு முதல் அந்தப் பட்டியலில் உள்ள ஓர் அக்காவோடு இணையவழியில் அரைமணி நேரம் பேசட்டும். “நீ அறிய விரும்புவது என்ன?” என்று அக்கா கேட்கட்டும். இதுவே ஒரு சிறிய உதவிப் பிரிவுதான். பட்டியலின் முதல் வரியில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கணினிக் கட்டளைகள் எழுத எனக்கு வராது. ஆனால் நுளம்பு, மணல் ஈ, ஒட்டுண்ணி சம்பந்தமான கேள்வி எதுவானாலும், சனிக்கிழமை பின்னேரங்களில் நான் இருப்பேன்.